டெக்னீஷியன்களுக்கு மட்டும்

பினாங்கில் இணைய வேலைவாய்ப்புத் தளம் நடத்துகிறேன் என்று சொன்னதும் அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எல்லா வேலையும் போடுவீங்களா?" இல்லை. தொழிற்சாலை டெக்னீஷியன் வேலைகளை மட்டும் போடுகிறோம். அதிலும் பினாங்குத் தீவு, செபராங் பிறை, கெடா மாநிலத்துக் கூலிம் என்ற வட்டாரத்துக்குள் அடங்கும் வேலைகள் மட்டும். கோலாலம்பூர் விளம்பரம் பணத்தோடு வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவோம். இவ்வளவு சுருக்கிக்கொண்டால் பிழைப்பு எப்படி ஓடும் என்று எங்கள் நலம் விரும்புகிறவர்கள் கேட்பார்கள். சுருக்கிக்கொண்டதால்தான் ஓடுகிறது. எதைப் பார்த்துச் சுருக்கினோம், எந்தெந்தத் துறைகளை எடை போட்டுப் பார்த்து ஒதுக்கினோம் என்பதை எழுதி வைத்தால், இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

நான் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவன். மெஷின் பக்கம் பல ஆண்டுகள், பிறகு அதே தொழிற்பேட்டையில் ஆள் எடுக்கும் பிரிவில் சில ஆண்டுகள். வேலை தேடுகிறவன் படும் பாடும், ஆள் கிடைக்காமல் லைன் நிற்கும்போது மேலாளர் படும் பாடும் இரண்டுமே தெரியும். இன்று ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் சிறிய குழுவாக இருந்து இதை நடத்துகிறோம்.

பெரிய தளங்களோடு மோதாமல்

மலேசியாவில் வேலை தேடுவது நாளிதழ்ப் பக்கங்களிலிருந்து இணையத்துக்கு மாறியதை என் தலைமுறை கண்ணால் பார்த்தது. 1971-ல் பினாங்கில்தான் 'தி ஸ்டார்' நாளிதழ் தொடங்கியது. அதன் வேலைவாய்ப்புப் பக்கங்களைக் கத்தரித்து வைத்துக்கொண்டு கடிதம் எழுதியவர்கள் நம் அண்ணன்மார்கள். 1997-ல் மார்க் சாங் ஜாப்ஸ்ட்ரீட் என்ற இணைய வேலைத்தளத்தைத் தொடங்கினார். 2004-ல் அது பங்குச் சந்தைக்கு வந்தது. 2014-ல் ஆஸ்திரேலியாவின் சீக் நிறுவனம் அதன் தளத் தொழிலை 173 கோடி ரிங்கிட்டுக்கு வாங்கியது. கணக்காளர், குமாஸ்தா, விற்பனையாளர், நிர்வாகி என்று எந்த ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும் வேலைகளுக்கு அப்படிப்பட்ட தளம் நன்றாகவே உதவுகிறது. அதனோடு போட்டி போட எங்களிடம் பணமும் இல்லை, தேவையும் இல்லை.

பெரிய தளத்தின் பலம் எண்ணிக்கை. அதே எண்ணிக்கை சில வேலைகளுக்குப் பாரமாகிவிடும். ஆள் எடுக்கும் மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில் இதை நேரடியாகப் பார்த்தேன். 'டெஸ்ட் டெக்னீஷியன் தேவை' என்று போட்டால் ரெசூமேக்கள் வந்து குவியும். மென்பொருள் சோதனை செய்தவர், ஆய்வுக்கூடத்தில் உணவு மாதிரி சோதித்தவர், ஜொகூரில் குளிர்சாதனம் பழுது பார்த்தவர், இன்னும் படித்து முடிக்காதவர் எல்லாரும் அதில் இருப்பார்கள். உண்மையில் சிப்பைச் சோதிக்கும் டெஸ்டரையும் அதற்குச் சிப்பை எடுத்துக் கொடுக்கும் ஹேண்ட்லரையும் தொட்டவர்கள் அந்தக் குவியலின் அடியில் கிடப்பார்கள். அவர்களைத் தோண்டி எடுப்பதற்குள் அவர்களில் பாதிப் பேர் வேறு கம்பெனியில் சேர்ந்திருப்பார்கள்.

உலகின் பிற இடங்களிலும் இதுதான் கதை. அமெரிக்காவில் 1994-ல் ஜெஃப் டெய்லர் தொடங்கிய மான்ஸ்டரும், 1995-ல் வந்த கரியர்பில்டரும் ஒரு காலத்தில் வேலைத்தளம் என்ற சொல்லுக்கே அடையாளமாக இருந்தன. பின்னாளில் ஒன்றாக இணைந்த அந்த நிறுவனம் 2025 ஜூனில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் சென்றது. அவற்றுக்கும் முன்னால், 1990-ல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கணினி வேலைகளுக்காக மட்டும் தொடங்கிய டைஸ் இன்றும் அதே துறையில் நிற்கிறது. இந்தியாவில் 1997-ல் சஞ்சீவ் பிக்சந்தானி தொடங்கிய நௌக்ரி எல்லா வேலைக்குமான தளமாகப் பெரிதாக வளர்ந்தது. அதை நடத்தும் இன்ஃபோ எட்ஜ் நிறுவனமே 2019-ல் மேலாண்மைப் பட்டதாரிகளுக்கான ஐஐஎம்ஜாப்ஸ் என்ற சிறப்புத் தளத்தை விலை கொடுத்து வாங்கியது. பெரியவர்களே விலை கொடுத்து வாங்கும் அளவுக்கு ஒரு தனித்துறைத் தளத்துக்கு மதிப்பு உண்டு. எந்தத் தனித்துறை என்பதுதான் கடினமான கேள்வி.

எடை போட்டுப் பார்த்த துறைகள்

முதலில் எல்லாரும் சொன்னது, "தமிழர்களுக்கான வேலைத்தளமா போடுங்க" என்பது. மனதுக்கு நெருக்கமான யோசனைதான். பினாங்கில் நம்மவர்களுக்கு நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்ற ஆசை இல்லாமல் நான் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டேன். ஆனால் முதலாளியின் பக்கமிருந்து யோசித்தால், அவருக்குத் தேவை வயர் பாண்டரை ஓட்டத் தெரிந்த ஆள். அந்த ஆள் எந்த இனத்தவர் என்று வகுத்துத் தேடும் தளத்துக்கு நேர்மையான கம்பெனி பணம் கட்டாது, கட்டவும் கூடாது. இனத்தைப் பார்த்து ஆள் எடுப்பதால் காயப்பட்ட சமூகம் நம்முடையது. அதே அளவுகோலை நாமே கையில் எடுக்க மனம் ஒப்பவில்லை. நம் பிள்ளைகள் நுழையக்கூடிய ஒரு துறையைப் பிடித்து, அதன் கதவை எல்லாருக்கும் ஒரே மாதிரி திறந்து வைத்தால் நம்மவர்களும் உள்ளே வருவார்கள் என்று முடிவெடுத்தேன். வந்தார்கள்.

அடுத்தது சுற்றுலா. 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபின், பழைய கடைவீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. ஆள் தேவை எப்போதும் உண்டு. ஆனால் முதலாளிகள் சிறியவர்கள். ஒருவரோ இருவரோதான் தேவைப்படும். கதவில் ஒரு தாளை ஒட்டினாலே மாலைக்குள் யாராவது வந்து கேட்பார்கள். காசில்லாமல் ஒரு நாளில் தீர்கிற தேவைக்கு யார் கட்டணம் செலுத்துவார்கள்?

பிறகு மருத்துவமனைகள். இந்தோனேசியாவிலிருந்து, குறிப்பாக மேடானிலிருந்து, நோயாளிகள் வந்து குவியும் ஊர் இது. தாதியர் பற்றாக்குறை எப்போதும் இருக்கிறது. ஆனால் முதலாளிகளை எண்ணிப் பார்த்தால் சில பெரிய தனியார் மருத்துவமனைகள்தான். ஒவ்வொன்றும் தாதியர் கல்லூரிகளோடு நேரடித் தொடர்பு வைத்திருக்கிறது. தாதியர்களுக்கும் எந்த மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று தெரியும். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவரையொருவர் ஏற்கெனவே அறிந்திருக்கும் இடத்தில் நடுவில் நிற்கிறவருக்கு வேலை இல்லை.

தொழிற்சாலைகளுக்குள் வந்தால் மூன்று தட்டுகள். கீழே ஆப்பரேட்டர்கள். எண்ணிக்கை அதிகம். ஆனால் அவர்களை எடுப்பது வாக்-இன் நேர்காணலில், அல்லது வெளிநாட்டுத் தொழிலாளர்களை அழைத்துவரும் முகவர்கள் வழியாக. அங்கே ஆளை வேலையோடு பொருத்திப் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. விடுதியும் பஸ்ஸும் ஏற்பாடானால் போதும். மேலே பொறியாளர்கள். அவர்களைத் தேட லிங்க்ட்இன் இருக்கிறது, தலைவேட்டை முகவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூர்ச் சம்பளமும் அவர்களை இழுக்கிறது. 2024 மே மாதம் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகம் 60,000 பொறியாளர்களை உருவாக்குவதாகச் சொன்னது. எல்லார் பார்வையும் அந்தத் தட்டின் மேல்தான்.

நடுத்தட்டில் டெக்னீஷியன்கள். மெஷின் நின்றால் ஓடிவருகிறவர்கள், பொருள் மாறும்போது கன்வர்ஷன் செய்கிறவர்கள், வாராந்தரத் தடுப்புப் பராமரிப்பு (பிஎம்) பார்க்கிறவர்கள். அவர்களைப் பற்றி யாரும் அறிக்கை எழுதவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் ஒரு ஷிஃப்ட் கூட நகராது. நாங்கள் அந்தத் தட்டைத் தேர்ந்தெடுத்தோம்.

ஏன் இந்த ஊரில் இந்த வேலை

பினாங்கின் சுங்கமில்லாத் துறைமுக உரிமை 1969-ல் பறிபோனபின் ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அந்த ஆண்டு முதலமைச்சரான துன் லிம் சொங் இயூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தார். 1972-ல் பாயான் லெப்பாஸ் சுதந்திரத் தொழிற்பேட்டை பிறந்தது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை இங்கே நிறுவியது. ஏஎம்டி, ஹியூலெட்-பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, கிளாரியன், போஷ், லிட்ரோனிக்ஸ் ஆகியவற்றோடு சேர்த்து அந்த எட்டு முன்னோடிகளை இங்கே 'எட்டு சாமுராய்' என்பார்கள். 1989-ல் தொழில்துறையும் மாநில அரசும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கின. பிறகு உள்ளூர்க் கம்பெனிகளும் எழுந்தன: பென்டாமாஸ்டர், குளோபெட்ரானிக்ஸ், விட்ராக்ஸ். உலகில் சிப்களைச் சோதித்துப் பொதியும் பணியில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்கிறார்கள். அதில் பெரும் பங்கு இந்த வட்டாரத்துடையது.

இவ்வளவு தொழிற்சாலைகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் டெக்னீஷியன்கள் கம்பெனி மாறிக்கொண்டே இருப்பார்கள். இது ஒரு வேலைத்தளத்துக்கு உயிர்நாடி. பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஆள் எடுக்கும் துறையில் விளம்பரம் வராது. இங்கே ஒருவர் போனால் அந்த இடத்துக்கு ஆள் வேண்டும், அங்கே புதிதாக வருகிறவர் விட்டு வந்த இடத்துக்கும் ஆள் வேண்டும்.

இரண்டாவது காரணம், ஒரே வேலைக்கு ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு பெயர். ஓரிடத்தில் 'எக்விப்மென்ட் டெக்னீஷியன்', இன்னோரிடத்தில் 'மெயின்டனன்ஸ் டெக்னீஷியன்', மற்றோரிடத்தில் 'மேனுஃபேக்சரிங் ஸ்பெஷலிஸ்ட்'. பதவிப் பெயரை வைத்துத் தேடினால் கம்பெனியும் ஆளும் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் எந்த மெஷின் என்று கேட்டால் ஒரு நொடியில் எல்லாம் தெளிவாகிவிடும். குலிக்கி அண்ட் சோஃபா வயர் பாண்டரா? டெராடைன் டெஸ்டரா, அட்வான்டெஸ்டா? எஸ்எம்டி லைனில் பிக் அண்ட் பிளேஸா? மெஷினைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி நிரலை எழுதத் தெரியுமா, படித்துப் புரிந்துகொள்ள மட்டும் தெரியுமா? எங்கள் தளத்தில் தேடல் மெஷினிலிருந்து தொடங்குகிறது, பதவிப் பெயர் கடைசியில் வருகிறது. எங்கள் மற்ற எல்லா முடிவுகளையும்விட அதிகம் பலன் கொடுத்த முடிவு இது. மெஷின் பக்கம் நின்றவர்களால்தான் இப்படி ஒரு தளத்தை வடிவமைக்க முடியும். எந்தத் துறையின் ரெசூமேயைப் படித்ததும் உண்மை எது, பூச்சு எது என்று உங்களுக்குத் தெரிகிறதோ, அந்தத் துறையே உங்கள் துறை.

மூன்றாவது காரணம், தூரம். பொறியாளர் வேலைக்காக வீடு மாறுவார். டெக்னீஷியன் மாறமாட்டார். மனைவிக்கும் வேலை இருக்கும், பிள்ளை தமிழ்ப்பள்ளியில் படிக்கும், அம்மா கூடவே இருப்பார். மோட்டார் சைக்கிளில் போய்வரும் தூரம்தான் அவருடைய சந்தை. தீவையும் பெருநிலத்தையும் இணைக்க 1985-ல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலமும், 2014-ல் பத்து மாவுங்கையும் பத்து கவானையும் இணைத்த 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலமும் அந்த எல்லையை விரித்தன. 2019 தொடக்கத்தில் இரு பாலங்களிலும் மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கக் கட்டணம் நீங்கியபோது இன்னும் கொஞ்சம் விரிந்தது. ஆனாலும் புக்கிட் மெர்தாஜத்தில் இருப்பவர், ஜூருவின் காலை நெரிசலைத் தாண்டித் தீவுக்கு வருவதா, எதிர்த்திசையில் 1996-ல் தொடங்கிய கூலிம் ஹைடெக் பார்க்குக்குப் போவதா என்று நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுப்பார். ஆகவே எங்கள் ஒவ்வொரு விளம்பரத்திலும் ஃபேக்டரி பஸ் எந்தெந்த இடத்தில் நிற்கும் என்று இருக்கும். சம்பளத்துக்கு அடுத்தபடியாக ஆட்கள் பார்ப்பது அதைத்தான்.

விளம்பரம் என்றால் என்னென்ன சொல்ல வேண்டும்

துறை தெளிவானபின், விளம்பரத்துக்கு ஓர் ஒழுங்கு வைக்க முடிந்தது. 'கவர்ச்சிகரமான சம்பளம்' என்ற வரியை நாங்கள் ஏற்பதில்லை. அடிப்படைச் சம்பளம் தனியாக, ஷிஃப்ட் அலவன்ஸ் தனியாக, வழக்கமாக வரும் ஓவர்டைம் தனியாக வேண்டும். காரணம் இருக்கிறது. திருத்தப்பட்ட 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2023 ஜனவரி 1-லிருந்து எல்லாத் தொழிலாளர்களையும் தழுவுகிறது. ஆனால் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குகிறவருக்குச் சட்டப்படியான ஓவர்டைம் உரிமை கிடையாது. 3,900 ரிங்கிட்டும் ஓவர்டைமும் தரும் வேலை ஒன்று, 4,100 ரிங்கிட் மட்டும் தரும் வேலை ஒன்று என்று இரண்டு எதிரில் இருந்தால், எது அதிகம் என்பது அந்த ஒரு கோட்டைப் பொறுத்தது. இளம் டெக்னீஷியன்கள் பலருக்கு இது தெரியாது. தளத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறோம்.

வேலை நேரமும் அப்படித்தான். அதே திருத்தம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றிருந்ததை 45 ஆக்கியது. ஷிஃப்ட் வேலையில் மூன்று வாரச் சராசரி அந்த அளவைத் தாண்டக்கூடாது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு, மறு வாரம் அதற்கு நேர்மாறு என்ற முறை இங்கே பரவலாக உண்டு. சிலருக்கு அது வரம். படிக்கப் போகிறவருக்கும், அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவருக்கும் அந்த ஓய்வு நாட்கள் பொன். சிலருக்கு இரவு ஷிஃப்ட் உடம்புக்கு ஆகாது. ஷிஃப்ட் முறையைத் தெளிவாக எழுதினால், ஒத்துவராதவர் விண்ணப்பிக்கவே மாட்டார். இரு பக்கமும் நேரம் மிச்சம்.

மொழி பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் இது நம் பிள்ளைகளை நேரடியாகத் தொடுகிற விஷயம். 'மாண்டரின் அவசியம்' என்ற வரியோடு விளம்பரங்கள் வரும். அப்போது ஹெச்.ஆர். அதிகாரியை அழைத்துக் கேட்பேன்: "மேடம், இந்த வேலைக்கு மாண்டரின் எதுக்குத் தேவைப்படுது?" சில கம்பெனிகளுக்கு உண்மையான காரணம் இருக்கும். மெஷின் விற்பவர் தைவானிலிருந்தோ சீனாவிலிருந்தோ வந்து பொருத்திக் கொடுப்பார், அவரோடு பேச வேண்டும். அப்படியானால் அந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதுவோம். வேறு சிலர், "எப்பவும் போடுறதுதான், சும்மா போட்டோம்" என்பார்கள். அப்போது எடுத்துவிடலாமா என்று கேட்போம். பெரும்பாலோர் சரி என்பார்கள். வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவு வேலையில் பாகுபாடு பற்றிய புகாரை விசாரிக்கத் தொழிலாளர் துறைக்கு இடம் தருகிறது என்று சொன்னால் மற்றவர்களும் யோசிப்பார்கள். எல்லா வேலைக்குமான தளத்தில் யாரும் ஒவ்வொரு விளம்பரத்தையும் இப்படிக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. சிறிய துறையில் முடியும்.

தகுதியைக் குறிக்க நாங்கள் பயன்படுத்துவது மலேசியத் திறன் சான்றிதழ், எஸ்கேஎம். 2006-ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்படி ஐந்து நிலைகள். முதல் மூன்று நிலைகள் எஸ்கேஎம், நான்காவது திறன் டிப்ளமோ, ஐந்தாவது உயர்நிலை டிப்ளமோ. ஐஎல்பி, கியாட்மாரா போன்ற பயிற்சி மையங்கள், பாலிடெக்னிக் என்று எங்கிருந்து வந்தாலும், கையில் இருக்கும் தகுதியை முதலாளிக்குப் புரியும் வரிசையில் வைக்க முடிகிறது. பள்ளித் தேர்வான எஸ்பிஎம்மில் நல்ல மதிப்பெண் எடுக்காமல், ஆனால் மூன்றாம் நிலைச் சான்றிதழோடும் நல்ல கையோடும் வரும் பையனைப் பெரிய தளத்தின் வடிகட்டி முதல் படியிலேயே தள்ளிவிடும். எங்கள் தளத்தில் அவன் முன்னால் நிற்பான்.

யார் பணம் கட்டுவது

வேலை தேடுகிறவரிடம் நாங்கள் ஒரு சென் கூட வாங்குவதில்லை. இது விளம்பரத்துக்காகச் சொல்லும் வரி இல்லை. நம் முன்னோர் இந்த மண்ணுக்கு வந்ததே ஆள்சேர்ப்பின் வழியாகத்தான். ஒப்பந்தக்கூலி முறை 1910-ல் முடிவுக்கு வந்தது. அதன்பின் 1938-ல் இந்திய அரசு தடை போடும்வரை கங்காணி ஊருக்குப் போய் ஆள் கூட்டி வந்தார், அழைத்துவந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு. ஆள்சேர்ப்பின் செலவு கூலியின் தலையிலேயே கடனாக விழுந்த காலங்களும் உண்டு. ஒருவனின் தேவையை அவன் மேலேயே சுமையாக ஏற்றும் வழக்கம் இன்றும் வெளிநாட்டுத் தொழிலாளர் முகவர்களிடையே தொடர்கிறது. நாங்கள் அதன் பக்கம் போகக்கூடாது என்பது முதல் நாளிலிருந்தே எங்கள் உறுதி.

ஆள் தேடிக் கொடுத்துக் கட்டணம் வாங்க 1981-ஆம் ஆண்டுத் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி உரிமம் வேண்டும். நாங்கள் அந்தத் தொழிலில் இல்லை. கம்பெனி விளம்பரத்துக்கு மட்டும் பணம் கட்டும். விண்ணப்பம் நேரடியாகக் கம்பெனிக்குப் போகும். ரெசூமேக்களை விற்கவும் மாட்டோம், காட்டிக் காசு வாங்கவும் மாட்டோம். 2010-ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு காரணம். இன்னொரு காரணம், இப்போது வேலையில் இருக்கும் டெக்னீஷியன் தன் மேலாளருக்குத் தெரியாமல் வேறு வேலை பார்க்க முடிய வேண்டும். எல்லாக் கம்பெனியும் அக்கம்பக்கம், எல்லாரும் எல்லாருக்கும் அறிமுகம். அந்த ரகசியத்தைக் காக்காவிட்டால் நல்ல ஆட்கள் யாரும் பெயர் கொடுக்கமாட்டார்கள். அடையாள அட்டை எண்ணும் புகைப்படமும் நாங்கள் கேட்பதே இல்லை.

தொடக்கத்தில் எல்லாத் தளத்துக்கும் ஒரே சிக்கல். விளம்பரம் இல்லாமல் ஆள் வரமாட்டான், ஆள் இல்லாமல் விளம்பரம் வராது. குறுகிய துறை இந்தச் சிக்கலைத் தாங்கக்கூடிய அளவுக்குச் சிறிதாக்கியது. நாடு முழுக்க ஆள் சேர்க்கத் தேவையில்லை. பாயான் லெப்பாஸ், பிறை, கூலிம் கேன்டீன்களில் பேசினால் போதும். பழைய நண்பர்களிடம், "தம்பி, பேரு மட்டும் போட்டு வை, மெஷின் பட்டியலைச் சரியா எழுது" என்று கேட்டுக்கொண்டேன். பயிற்சி மையங்களுக்குப் போய்க் கடைசிப் பருவ மாணவர்களிடம் பேசினோம். கம்பெனிகளிடம் ஆயிரம் விண்ணப்பம் தருவோம் என்று சொல்லவில்லை. வந்த சில விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் நேர்காணலுக்கு அழைக்கத் தகுந்தவை என்று அவர்களே கண்டதும் அடுத்த விளம்பரமும் வந்தது. எங்கள் தொழிலில் பார்க்க வேண்டிய எண் அதுதான்: எத்தனை விண்ணப்பம் என்பதைவிட, எத்தனை விண்ணப்பம் நேர்காணல்வரை போனது.

தொழில்துறையும் திறனும்

துறையைத் தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் செய்த ஒரு வேறுபாட்டை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் தளம் 'செமிகண்டக்டர் வேலைத்தளம்' என்று பெயர் எடுத்திருந்தால், சந்தை விழும்போதெல்லாம் நாங்களும் விழுந்திருப்போம். அந்தத் துறைக்கு ஏற்றமும் இறக்கமும் இயல்பு. 2001-ல் விழுந்தது, 2008-2009 உலக நெருக்கடியில் விழுந்தது, 2023-லும் உலகச் சிப் விற்பனை சரிந்தது. ஆள் எடுப்பதை நிறுத்தினால் முதலில் நிற்பது விளம்பரம்தான்.

ஆனால் டெக்னீஷியனின் திறன் ஒரு துறையில் அடைபட்டது கிடையாது. நியூமேட்டிக், சென்சார், மோட்டார், பிஎல்சி தெரிந்தவர் சிப் கம்பெனியில் ஆள் குறைக்கும்போது மருத்துவக் கருவித் தொழிற்சாலைக்குப் போகிறார். பி.பிரவுன் போன்ற கம்பெனிகள் பினாங்கில் 1970-களிலிருந்தே இருக்கின்றன. அங்கும் இடமில்லாவிட்டால் தானியங்கி மெஷின் கட்டும் உள்ளூர்க் கம்பெனிக்குப் போகிறார். 2023-ல் எங்கள் விளம்பரங்களில் சிப் கம்பெனிகளின் பங்கு குறைந்தது, மற்றவற்றின் பங்கு கூடியது, மொத்தம் தாங்கியது. தொழில்துறையைப் பிடித்தால் அதன் தலைவிதியும் கூடவே வரும். திறனையும் தூரத்தையும் பிடித்தால், துறைகள் மாறினாலும் மனிதர்கள் அங்கேயே இருப்பார்கள்.

பத்து கவானைப் பாருங்கள். கரும்புத் தோட்டமாக இருந்து, பிறகு செம்பனைத் தோட்டமாகி, நம் முன்னோர் வியர்வை சிந்திய மண் அது. இன்று அங்கே தொழிற்பேட்டை நிற்கிறது. பயிர் மாறியது, பயிருக்குப் பதில் மெஷின் வந்தது. பாயான் லெப்பாஸில் கற்றவர் அங்கேயும் அதே திறனை வைத்துப் பிழைக்கலாம்.

விரிவாக்கச் சொல்லி அழைப்புகள் அடிக்கடி வரும். சிலாங்கூரில் கிளை திறக்கலாம், கடை விற்பனையாளர் வேலையும் சேர்க்கலாம் என்பார்கள். அந்த வேலைகளின் ரெசூமேயைப் படித்துத் தரம் பார்க்க எங்களில் யாருக்கும் தெரியாது. தரம் பார்க்கத் தெரியாத விளம்பரத்தைப் போட ஆரம்பித்தால், எங்களை நம்பிய டெக்னீஷியனுக்கும் எங்களை நம்பிய கம்பெனிக்கும் நாங்கள் இன்னொரு குவியலாகிவிடுவோம். ஆகவே விரிவாக்குவதென்றால் இதே மனிதர்களுக்கே மேலும் பயன்படும் திசையில்தான். டெக்னீஷியனாக இருந்து பொறியாளராகும் வழி, தேவையான சான்றிதழ்கள், எந்தப் பயிற்சிக்குப் பிறகு சம்பளம் எவ்வளவு கூடுகிறது என்ற தகவல்கள். அவற்றைத்தான் சேர்த்து வருகிறோம்.

இந்தத் தொழிலில் இறங்க நினைக்கிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்ல முடிந்தது இவ்வளவுதான். ஒரு துறையைத் தேர்ந்தெடுக்குமுன் அங்கே ஆள் எடுப்பு அடிக்கடி நடக்கிறதா என்று பாருங்கள். இரு பக்கமும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிக்கச் சிரமப்படுகிறார்களா என்று பாருங்கள். தேடும் செலவைத் தாங்கக்கூடிய முதலாளிகள் போதிய எண்ணிக்கையில் இருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வேலை உங்களுக்கு உள்ளிருந்து தெரிய வேண்டும். இந்த நான்கில் கடைசி ஒன்று இல்லாவிட்டால் மற்ற மூன்றும் உங்களைக் காப்பாற்றாது. எந்தத் துறை இப்போது பேசப்படுகிறது என்பதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம்.

வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ரெசூமேயில் 'கடின உழைப்பாளி' என்று எழுதுவதை விடுங்கள். எந்த மெஷினில் எவ்வளவு காலம் வேலை பார்த்தீர்கள், எந்தப் பழுதை நீங்களே சரி செய்தீர்கள், எஸ்கேஎம் எந்த நிலை என்பதை எழுதுங்கள். விளம்பரத்தில் சம்பளம் இல்லாவிட்டால் போன் செய்து கேளுங்கள். வேலைக்காக உங்களிடமே பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.